வருஷத்துக்கு விலை வையுங்கள்

சித்தூரிலும் திருப்பதியிலும் சொந்தமாக ஆலோசனைத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி: "ஒரு நாளுக்கு எவ்வளவு சார் சொல்லலாம்?" நான் மாங்கூழ் ஆலைகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆலோசகர். எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம், ஐஎஸ்ஓ 22000 ஆவணங்கள், ஏற்றுமதிக்கு முந்தைய தணிக்கை எல்லாம் பார்ப்பேன். ஒரு நாளின் விலையைப் பிறகு பார்க்கலாம், முதலில் வருஷத்துக்கு விலை வையுங்கள் என்பேன்.

தோத்தாபுரி மாங்காய் வரத்து ஜூனில் சூடுபிடித்து ஆகஸ்டோடு அடங்கிவிடும். அந்த மாதங்களில் ஆலைகள் இரவு பகலாக ஓடும். பிறகு கேட்டில் வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் பருவம் பார்த்தா வருகின்றன?

வீட்டுக்கும் ஆபீசுக்குமாக மாதம் 60,000 ரூபாய் வேண்டும் என்று வையுங்கள். வருஷத்துக்கு 7.2 லட்சம். ஞாயிறு, பண்டிகை, கொட்டேஷன் கொடுக்க அலைவது, பாக்கிக்கு நடப்பது, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வரை போய் வெறுங்கையோடு திரும்புவது எல்லாம் கழித்தால், காசு தரும் நாள் 120 மிஞ்சினால் பெரிது. ஒரு நாளுக்கு 6,000 வாங்கினால்தான் செலவுக்கே கட்டும். வைத்தியத்துக்கும் வயதான காலத்துக்கும் சேர்த்தால் 9,000 ஆகிவிடும். மாதத் தேவையை முப்பதால் வகுத்து 2,000 சொல்கிறவர் சீக்கிரமே வேலை தேடி பெங்களூரு பஸ் ஏறுகிறார். நன்றாகப் படித்த பிள்ளைகள் அப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

விற்காத நாள், ஆலை வாசலில் டிராக்டரோடு காத்திருக்கும் மாங்காய் மாதிரி. வைத்திருந்து விற்க முடியாது. 2025இல் தோத்தாபுரி விலை சரிந்தபோது ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க ஆந்திர அரசு ஏற்பாடு செய்தது. ஆலோசகரின் நாளுக்கு அப்படிக் கைகொடுக்க யாரும் வரமாட்டார்கள். விற்காத நாளின் செலவையும் விற்ற நாள்தான் சுமக்க வேண்டும்.

"நாலு பேப்பர் எழுதறதுக்கா இவ்வளவு? நம்ம ஊர்க்காரர்தானே, பார்த்துப் போடுங்க சார்" என்பார் முதலாளி. அவரோடு கன்டெய்னர் கணக்கைப் பேசுங்கள். 20 அடி கன்டெய்னரில் 80 டிரம் ஏறும். டிரம்முக்கு 215 கிலோ கூழ். மொத்தம் 17 டன்னுக்கு மேல். டிரம்முக்குள் இருக்கும் அசெப்டிக் (கிருமி நீக்கிய) பையின் மூடி சரியாக உட்காராமல் கூழ் நொதித்துப் பை உப்பினாலும், ஆய்வறிக்கையில் பூச்சிக்கொல்லி எச்சம் வரம்பைத் தாண்டினாலும், சரக்கோடு கப்பல் வாடகையும் போச்சு. "ஒரு லோடு திரும்பி வந்தா எவ்வளவு நஷ்டம்னு நீங்களே சொல்லுங்கண்ணா" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கணக்குத் தெரிந்தவர் அடுத்து, என்றைக்கு வருவீர்கள் என்றுதான் கேட்பார். அப்படியும் குறைக்கச் சொன்னால் வேலையையும் குறையுங்கள், ஒரு தணிக்கையை எடுத்துவிடுங்கள். அதே வேலையைக் குறைந்த காசுக்குச் செய்தால் அடுத்த வருஷமும் அதே காசுதான்.

திருப்பதிக்குக் கணக்கு வேறு. பக்தர்கள் வருஷம் முழுக்க வருகிறார்கள், ஓட்டலும் கேன்டீனும் மூடுவதில்லை. அவற்றை நடத்துகிறவர்களோடு மாதக் கட்டணம் பேசுங்கள். தொகை சிறியதுதான், ஆனால் பிப்ரவரியிலும் கைக்கு வரும்.

எதையும் எழுத்தில் கொடுங்கள். உரிமத்துக்கான அரசுக் கட்டணம் தனி, உங்கள் கட்டணம் தனி. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம் மேற்கொண்டு சேரும் என்பதையும் குறியுங்கள். டிடிஎஸ் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் பணம் வரும் என்பதை மனதில் வையுங்கள். பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆன்லைனில் நீங்களே செய்துகொள்ளலாம். முதல் பில் போடுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.