ஷிப்மென்ட் தேதி: மழைக்கு முன்!

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி எதையும் எங்கிருந்து திட்டமிடுவார் தெரியுமா? கடைசியிலிருந்து! தூத்துக்குடியில் கப்பல் கிளம்பும் தேதியை முதலில் எழுதுவார். அப்புறம் பின்னோக்கி எண்ணிக்கொண்டே வருவார். பேக்கிங் என்றைக்கு, அயர்ன் என்றைக்கு, செக்கிங் என்றைக்கு, தைக்கும் பவர் டேபிளில் துணி ஏற வேண்டியது என்றைக்கு, கட்டிங், காம்பேக்டிங், சாயம், நிட்டிங்... கடைசியில் நூலுக்கு இன்றைக்கே போன் போட வேண்டுமா, இல்லை நேற்றே போட்டிருக்க வேண்டுமா என்பதில் வந்து நிற்பார். ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பையன்களுக்குத் தூக்கத்திலும் இந்தச் சார்ட்தான்.

இப்படிப்பட்டவர்களின் கையில் லாபமே இல்லாத ஒரு வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும்? வாருங்கள், எட்டிப் பார்ப்போம். செருப்பைக் கழற்ற வேண்டாம், தோட்டத்துக்குத்தான் போகிறோம்!

2015. திருப்பூர்த் தொழில்துறையினர் சேர்ந்து நடத்தும் 'வெற்றி' என்ற தொண்டு அமைப்பு ஒரு திட்டத்தைக் கையில் எடுக்கிறது. தலைவர் கிளாசிக் போலோ சிவராம். திட்டத்தின் பெயர் 'வனத்துக்குள் திருப்பூர்'. பேரிலேயே எவ்வளவு பேராசை பாருங்கள்! மழை மறைவுப் பிரதேசம், வற்றிய நொய்யல் ஆறு, சாயத்தண்ணீருக்குப் பேர் போன ஊர். அதை வனத்துக்குள் உட்கார வைக்கப் போகிறார்களாம். முதல் ஆண்டு இலக்கு ஒரு லட்சம் மரக்கன்று.

தொண்டு நிறுவனங்கள் வழக்கமாகத் திட்டமிடும் விதம் நமக்குத் தெரியும். ஓட்டல் ஹாலில் இரண்டு நாள் பயிலரங்கு, சுவரெல்லாம் கலர் சார்ட், 'தொலைநோக்கு' என்று ஒரு வாசகம். அந்த வாசகம் சட்டம் போட்டு மாட்டப்படும், அதோடு சரி. திருப்பூர்க்காரர்களிடம் அந்தப் பொறுமை ஏது? அவர்கள் திட்டத்துக்கு ஆண்டுதோறும் ஒரு வரிசை எண் போட்டார்கள். வனத்துக்குள் திருப்பூர் 1, 2, 3 என்று சீசனுக்குச் சீசன் புது ஆர்டர் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கு, தனித் தொடக்க விழா. வரிசை எண் இப்போது பத்தைத் தாண்டிவிட்டது. நட்ட கன்றுகளும் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

இந்தப் பின்னோக்கி எண்ணுகிற புத்தி மரத்துக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதில்தான் எனக்குக் குஷி. இந்தப் பக்கத்துக்கு நம்பகமான மழை ஐப்பசி மழைதான். அதற்குள் கன்று மண்ணில் வேர் பிடித்திருக்க வேண்டும். அதுதான் ஷிப்மென்ட் தேதி. இனி பின்னால் போங்கள். வேப்பங்கொட்டை உதிர்வது ஆனி, ஆடியில். எடுத்த சில வாரங்களுக்குள் விதைக்காவிட்டால் முளைப்புத்திறன் மளமளவென்று சரிந்துவிடும். இலுப்பைக் கொட்டையும் நாவல் கொட்டையும் அதைவிட அவசரக்காரர்கள், காய்ந்தால் போச்சு. சரி, இந்த ஆடியில் விதைத்ததை இந்த ஐப்பசியில் நட முடியுமா? கன்று ஒரு சாண்தான் இருக்கும், ஆடு ஒரே வாயில் முடித்துவிடும். ஆக, இந்த ஆண்டு தோட்டத்துக்குப் போகிற வேம்பு, போன ஆண்டே பாக்கெட்டில் முளைத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கு எத்தனை லட்சம் என்று இந்த ஆண்டே முடிவெடுத்தாக வேண்டும். கொட்டை பொறுக்குகிற நாளில் எடுக்காத முடிவை எந்தப் பயிலரங்கிலும் எடுக்க முடியாது!

இடமும் ஒரு கணக்கு. 12 அடிக்கு 12 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 300 கன்று பிடிக்கும். ஒரு லட்சம் கன்றுக்கு 330 ஏக்கர் வேண்டும். சாலையோரம் நட்டுப் போட்டோ எடுத்தால் அவ்வளவு இடம் கிடைக்குமா? கிடைத்தாலும் தண்ணீர் யார் ஊற்றுவது? கன்றுக்குப் பத்து லிட்டர் என்றால் ஒரு தடவைக்குப் பத்து லட்சம் லிட்டர். 10,000 லிட்டர் லாரியில் 100 நடை. மாதம் நாலு தடவை என்றால் அமைப்பின் கஜானா டீசலிலேயே கரைந்துவிடும்.

இங்கேதான் ஒரு பெரிய முடிவு வருகிறது. நிலம் தோட்டக்காரருடையது, தண்ணீர் அவருடையது, வேலி அவருடையது. கன்றைக் கொண்டுவந்து நட்டுக் கொடுப்பது அமைப்பின் வேலை, வளர்ப்பது அவர் வேலை, மரமும் அவருக்கே. அதனால் கன்று கேட்டு வருகிறவரிடம் பேச்சு இப்படித்தான் போகும்:

"ஏனுங்க, நம்ம தோட்டத்துக்கு எப்ப வருவீங்க?"

"வந்துரலாங்க. தண்ணி இருக்குதுங்களா?"

"போர் இருக்குதுங்க, சொட்டுநீரும் போட்டிருக்கறனுங்க."

"கம்பி வேலிங்க?"

"வேலி... அடுத்த மாசம் போட்டுருவனுங்க."

"அப்ப அடுத்த மாசமே வாரமுங்க!"

மரியாதை குறையாமல், 'ங்க' குறையாமல், ஒரு மறுப்பு! எல்லாருக்கும் எல்லாம் செய்கிறேன் என்று கிளம்பி மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்ட எத்தனையோ அமைப்புகளை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு தொண்டு அமைப்பின் தலைமை எப்படிப்பட்டது என்று தெரிய, அது எதை மறுத்தது என்று விசாரித்தாலே போதும்.

தோட்டத்துக் காட்சியையும் பார்த்துவிடுங்கள். ஓட்டுநர் டிராக்டரில் பூட்டிய துளைப்பானால் குழி போட்டுக்கொண்டே போவார். பின்னால் ஒருவர் கன்றை இறக்கி வைக்க, இன்னொருவர் பாக்கெட்டைக் கிழித்து, மண் உதிராமல் குழியில் நிறுத்தி, மிதித்து இறுக்குவார். பக்கத்தில் ஒரு குச்சி. குச்சியோடு கட்டச் சணலைவிடப் பனியன் வேஸ்ட் கீற்றுதான் உசத்தி. இழுத்தால் நீளும், இளந்தண்டை அறுக்காது. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமா என்ன!

பணம்? லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனி 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. பிறந்தநாள், கல்யாண நாள் நன்கொடைகள் இன்னொரு பக்கம். ஐரோப்பிய பையர்கள் சட்டையோடு சேர்த்துக் காற்றையும் தண்ணீரையும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள், அதனால் மரம் இப்போது சாம்பிள் அறைப் பேச்சிலும் வருகிறது. இதில் எனக்கு உறுத்தல் ஏதும் இல்லை. நிழல் தருகிற மரம் யாருடைய ஆடிட்டுக்காக நடப்பட்டால் என்ன?

இந்த ஊருக்குக் கூட்டாகத் திட்டமிடுவது புதிதும் இல்லை. 1990-ல் ஏ.சக்திவேல் தலைமையில் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம், லாபம் பங்கு போடாத அமைப்புதான். அதுவும் மாநில அரசும் ஐ.எல்.அண்ட் எப்.எஸ். நிறுவனமும் கைகோர்த்துத்தான், பவானி ஆற்றிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டத்தை உருவாக்கின. என்ன ஒரு சார்ட் அது! ஆனால் 2011 ஜனவரியில் நொய்யலைக் கெடுத்த சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிடும் என்ற வரி அதில் இல்லை. பின்னர் ஆலைகள் கழிவுநீர் வெளியேற்றமே இல்லாத முறைக்கு மாறின. ஒரே தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தின. நொய்யலுக்கு நல்லது நடந்தது, குழாய்த் தண்ணீருக்கு வாடிக்கை குறைந்தது. ஐ.எல்.அண்ட் எப்.எஸ்.ஸே 2018-ல் கடனில் கவிழ்ந்தது தனிக் கதை.

ஒரு ஓரத்தில் 'சேவ்' அமைப்பையும் வைத்துப் பாருங்கள். 1993 முதல் திருப்பூரில் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினைக்காகவும், பிறகு தொழிலாளர் உரிமைக்காகவும் வேலை செய்கிற அமைப்பு. அங்கே இந்த ஷிப்மென்ட் கணக்கு எடுபடாது. கன்றை எண்ணலாம், ஒரு குழந்தை மறுபடி வேலைக்குப் போகாமல் பள்ளியிலேயே தங்கியதை எந்தச் சீசனில் எண்ணுவது? குடும்பமே பொங்கலுக்கு ஊருக்குப் போய், திரும்பி வந்து வேறு பகுதியில் குடியேறிவிடும். போதாததற்கு 2020-ல் வெளிநாட்டு நிதிச் சட்டத் திருத்தம் வேறு. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்பது 20 ஆனது, வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் தடை. இந்தத் துறையில் இருப்பவர்களின் திட்டமிடல் மரம் நடுவதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். கைதட்டல் மட்டும் மரத்துக்கு. இது நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

உள்ளூர்ப் பணத்தை நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 சதவீதமாக ஏறியபோது ஊர் முழுக்க ஆர்டர் பேச்சுதான். பனியனும் மரமும் ஒரே பர்ஸில் இருந்து வருகிறவை. ஓர் ஆண்டு செலவையாவது வைப்பு நிதியாகத் தனியே போட்டு வைக்கும் பழக்கம் இங்குள்ள அமைப்புகளுக்கு வந்தாக வேண்டும். அடுத்த தலைமைக்கு ஆள் பழக்குவதும் அப்படித்தான். நிறுவனரின் போன் நம்பர் மட்டுமே அமைப்பின் முகவரியாக இருந்தால் எந்தத் திட்டமும் ஒரு தலைமுறையைத் தாண்டாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்போர்ட்டில் தைத்த பீஸைக் கணக்கில் எடுப்பார்களா? செக்கிங்கில் தேறியதைத்தான் எடுப்பார்கள். மரத்துக்கும் அந்தச் செக்கிங் டேபிளைப் போடலாமே! அடுத்த முறை எந்த ஊரில் மரம் நடும் விழாவுக்கு அழைப்பு வந்தாலும், இந்த ஆண்டு எத்தனை நடுகிறீர்கள் என்று கேட்காதீர்கள். மூன்று ஆண்டுக்கு முன்னால் நட்டதில் எத்தனை நிற்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்கிற அமைப்புக்குத் தயங்காமல் நன்கொடை கொடுங்கள்.