கிடைச்ச ஸ்காலர்ஷிப் அடுத்த வருஷமும் வருமா?

முகத்துவாரக்குப்பத்துல இருந்து எண்ணூர் வந்து டிரெயின் ஏறி காலேஜ் போறவங்க இதைக் கவனமா கேளுங்க. பிளஸ் டூ மார்க்கை வெச்சு மத்திய அரசு தர்ற ஸ்காலர்ஷிப், டிகிரியின் முதல் 3 வருஷமும் ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆனா அது தானா தொடராது. ஒவ்வொரு வருஷமும் 50 சதவீத மார்க், 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேணும். தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல ரினியூவலும் நாமதான் போடணும்.

என்னைக் கேட்டா, மார்க்கைவிட அட்டெண்டன்ஸ்லதான் பலருக்கு ஆபத்து. செமஸ்டருக்கு 90 வேலை நாள்னா, 22 நாளுக்கு மேல லீவு போட முடியாது. வீட்டுக் கஷ்டத்துக்கு வாரம் ரெண்டு நாள் வேலைக்குப் போனாலே அது தாண்டிடும். காண்டோனேஷன் கட்டி எக்ஸாம் எழுத விட்டாலும், ஸ்காலர்ஷிப் விதியில 75 அப்படியேதான் இருக்கு. அதனால மாசாமாசம் உங்க அட்டெண்டன்ஸை டிபார்ட்மென்ட்ல கேட்டு வெச்சுக்கோங்க.