தலைவர்களின் தன்வரலாறு: சான்றும் பரப்புரையும்

அரசியல் தலைவர் ஒருவரின் தன்வரலாறு ஒரே வேளையில் இரண்டு பணிகளைச் செய்கிறது. நடந்ததை எடுத்துரைக்கிறது, நடந்ததில் அவருடைய பொறுப்பு எவ்வளவு என்பதையும் வரையறுக்கிறது. முன்னது வரலாற்றுச் சான்று, பின்னது பரப்புரை. இவை இரண்டும் தனித்தனி இயல்களில் அமைவதில்லை. ஒரே வாக்கியத்துக்குள் கலந்து கிடப்பதால், பிரித்தறியும் பயிற்சி வாசிப்போர்க்கு இன்றியமையாதது.

நம் பேராக் மாநிலமே இதற்குத் தக்க எடுத்துக்காட்டைத் தருகிறது. சித்தியவானில் பிறந்த சின் பெங், 1947இல் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் பொதுச்செயலாளரானார். அவருடைய நூல் அயன் வார்டு, நோர்மா மிராஃப்ளோர் ஆகியோரின் துணையுடன் 2003இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ‘வரலாற்றில் என் தரப்பு’ என்பது அதன் தலைப்பின் பொருள். ‘தரப்பு’ என்பது வழக்குமன்றச் சொல். தாயகம் திரும்ப விரும்பிய அவர் நீதிமன்றத்தையும் நாடினார். வாய்ப்புக் கிட்டாமலே 2013இல் பாங்காக்கில் மறைந்தார். எனவே அந்நூலை ஒரு முறையீடாகவும் கொள்ளல் வேண்டும்.

1948 ஜூன் 16ஆம் நாள், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் அவசரகாலம் மலாயா முழுமைக்கும் விரிந்தது. குடியேற்ற அரசு இதனைக் கட்சி திட்டமிட்டுத் தொடங்கிய போராகக் காட்டியது. சின் பெங்கோ, மத்தியத் தலைமை அக்கொலைகளுக்கு ஆணையிடவில்லை என்கிறார்.

இங்கே இலக்கணம் நமக்குத் துணைபுரியும். மேலே வந்த ‘கொல்லப்பட்டனர்’ என்னும் செயப்பாட்டுவினையை நோக்குக. கொன்றவர் யார் என்று சொல்லாமலே அவ்வாக்கியம் முற்றுப்பெறுகிறது. தன்வரலாற்றில் வெற்றிகள் செய்வினையிலும் தவறுகள் செயப்பாட்டுவினையிலும் வருமாயின், அம்மாற்றம் நிகழும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தன்மைப் பன்மை. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். தமிழிலோ கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’ வேறு, உளப்படுத்தாத ‘நாங்கள்’ வேறு. ஆங்கிலத் தன்வரலாறு ஒன்றின் பத்தியைத் தமிழாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். முடிவெடுத்த குழுவா, கட்சியினர் அனைவருமா, நாட்டு மக்களா என்ற வினா அங்கே எழும். சிலர் எடுத்த முடிவுக்கு மக்கள் அனைவரையும் பங்காளியாக்கும் ‘நாம்’ பரப்புரையின் கூரிய கருவி. விடுதலைப் போரை நடத்தியதாகக் கூறுவோர்க்கும், நாட்டை ஆண்டவர்க்கும் இது பொது. துங்கு அப்துல் ரஹ்மானின் நினைவுநூல்களையும் இதே அளவுகோலால் அளத்தல் முறையாகும்.

ஆயினும் ஐயம் மட்டுமே ஆய்வாகாது. எழுதியவர்க்கே பாதகமான செய்திக்கு மதிப்பு மிகுதி. தமக்கு முன் கட்சித் தலைமையில் இருந்த லாய் தெக், பிரிட்டிஷாருக்கும் ஜப்பானியருக்கும் உளவாளியாக இருந்ததைச் சின் பெங் மறைக்கவில்லை. 1951இல் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கிக் கொல்லப்பட்டதும் திட்டமிட்ட செயலன்று, தற்செயலே என்கிறார். பெருவெற்றியாக உரிமை கொண்டாடியிருக்கலாம். அவ்வாறு செய்யாததே அக்கூற்றுக்கு வலுச்சேர்க்கிறது. இனி, வேறு பதிவுகளுடன் ஒப்பிடுவதும் கடமை. 1955 டிசம்பரில் பாலிங்கில் துங்குவும் சின் பெங்கும் பேசியவை அக்காலத்திலேயே எழுத்தில் பதிவானவை. பின்னாளில் எவர் நினைவுகூர்ந்தாலும் அப்பதிவோடு வைத்துப் பார்க்க இயலும்.

தன்வரலாறு எழுதாதவர்களின் நிலை என்ன? அனைத்து மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தம் தரப்பை நூலாக்கும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை. சுங்கை சிப்புட்டில் மறுநாளும் விடியலில் பால்மரம் வெட்டச் செல்ல வேண்டியிருந்த தொழிலாளிக்கும் வாய்க்கவில்லை. இரு தரப்பாருக்கும் இடையில் அகப்பட்டு வாழ்ந்த அம்மக்கள், தலைவர்களின் நூல்களில் பெரும்பாலும் ‘தொழிலாளர்’ என்னும் ஒற்றைச் சொல்லாகவே நிற்கின்றனர்.

அன்று சிறுவராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆசிரியர்கள் தம் மாணவர்களை அம்முதியோரிடம் அனுப்புதல் வேண்டும். கேட்டதைச் சீர்திருத்தாமல், அவர்தம் சொல்லிலேயே, நாளும் இடமும் குறித்துப் பதிவுசெய்க. அவர்களுடைய ‘நாங்கள்’ யாரைக் குறிக்கிறது என்றும் தவறாமல் கேளுங்கள். தலைவரின் நூலுக்கு வைத்த அளவுகோலைத் தாத்தாவின் சொல்லுக்கும் வைப்பது அவரை ஐயுறுவதாகாது. அவரையும் வரலாற்றுச் சான்றாளராக மதிப்பதே ஆகும்.