கோழை வெளியேறும் வழியும் இருமல் மருந்தின் செயலும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் இருமல் கேளாத வீடு அரிது. கூனங்குப்பம், கோரைக்குப்பம் போன்ற மீனவர் குப்பங்களில் ஈர விறகின் புகை. தறி வீடுகளில் பஞ்சுத் தூசி. உழவர் களங்களில் நெல் தூசி. இவை யாவும் சென்று தங்குமிடம் நெஞ்சே. உடனே கடையில் ஒரு புட்டி மருந்து வாங்கி அருந்துதல் நம் அங்கத்தினர் பலரின் வழக்கம். அம்மருந்து என்ன செய்கிறதென அறிந்து வாங்குவது பணத்திற்கும் உயிருக்கும் பாதுகாப்பாகும்.

கோழை நோயன்று, அது உடலின் காவல். மூச்சுக் குழாய்களின் உட்சுவரில் எண்ணற்ற நுண்ணிழைகள் ஒரு நீர்ப்படலத்தில் நிற்கின்றன. அதன்மேல் பசைபோன்ற கோழை படர்ந்துள்ளது. மூச்சுடன் புகும் தூசியும் கிருமியும் இப்பசையில் ஒட்டிக்கொள்ளும். கரைவலை இழுப்போர் ஒரே சீராகக் கயிறு வாங்குவதைப் போல, நுண்ணிழைகள் நொடிக்குச் சுமார் 10 முறை அசைந்து கோழையைத் தொண்டைக்கு ஏற்றுகின்றன. நாம் அறியாமலே அதனை விழுங்கிவிடுகிறோம். புகையிலைப் புகை இவ்விழைகளை முடக்குகிறது. நீர்க்கோப்பு அவற்றைச் சிதைக்கிறது. அப்போது தேங்கும் கோழையை வெளியேற்ற எஞ்சியிருக்கும் வழி இருமலே.

இருமல் மருந்துகள் இருவகை. ஒன்று இருமலை அடக்குவது. வறட்டு இருமலுக்கே அது பொருந்தும். கோழை கட்டிய நெஞ்சில் இருமலை அடக்குவது, வெள்ளம் வரும்போது மதகை மூடுவதற்கு ஒப்பாகும். மற்றொன்று கோழையை இளக்குவது. இவ்வகையில் சில மருந்துகள் இரைப்பையைச் சிறிது உறுத்தி, அதன் வழியே மூச்சுக் குழாய்களில் நீர் சுரக்கச் செய்கின்றன. வேறு சில, கோழையின் இழைகளையே அறுத்து நீர்க்கச் செய்கின்றன.

இரண்டாம் வகையில் சில மருந்துகளுக்கு நம் வேலியோரத்து ஆடாதோடையே மூலம். அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட புரோம்ஹெக்சின் 1963இல் விற்பனைக்கு வந்தது. எனினும் கருவுற்ற பெண்கள் ஆடாதோடையை உட்கொள்ளலாகாது. அது கருப்பையைச் சுருங்கச் செய்யக் கூடும். எம்மருந்தும் நோயின் காரணத்தை நீக்குவதில்லை. கோழை எளிதில் வெளியேற உதவுவதோடு அதன் பணி முடிகிறது. வெதுவெதுப்பான நீரைப் போதிய அளவு பருகுவதும் தொண்டைக்கு இதமளிக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு கலந்திருந்தது. அதை அருந்திய மத்தியப் பிரதேசத்துச் சிறு குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலற்று மாண்டனர். 2 வயதுக்குட்பட்டோருக்கு இருமல் மருந்து தரலாகாது என்றும், 5 வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அது ஏற்றதன்று என்றும் மத்திய அரசு அவ்வாண்டே அறிவுறுத்தியது. ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் தேனும் ஆகாது.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. 2 வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலுக்குப் புட்டி மேல் புட்டியாக வாங்குவது வீண் செலவு மட்டுமன்று, ஆபத்துமாகும். அது காசநோயாக இருக்கலாம். அவ்வாறாயின் வீட்டார்க்கும் பரவும். அரசு சுகாதார நிலையத்தில் கோழையைக் கட்டணமின்றிப் பரிசோதிக்கின்றனர், மருந்தும் இலவசமே. தொழிலை விட்டு நெடுங்காலம் மருத்துவமனையில் கிடக்க நேருமோ என அஞ்ச வேண்டுவதில்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தே மருந்துண்போரும் மருத்துவமனையில் தங்கியோருக்கு நிகராகக் குணமடைவர் என்பதை 1959இல் உலகிற்குக் காட்டியது.

ஆகையால் அங்கத்தினர்கள் கோழையைக் கண்டு அஞ்சாது, அது வெளியேற வழிவிடுவார்களாக. நீடித்த இருமல் உள்ளவரைக் கடைக்கு அனுப்பாது பரிசோதனைக்கு அனுப்புவார்களாக.