சொந்தப் பாஷையில் ஒரு ரேடியோ



ரேடியோ என்றதும் எங்களில் பலருக்கு பாட்டும் மரண அறிவித்தலும்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் பழமும் காய்கறியும் பறிக்கிற தொழிலாளர்கள் அதை வேறு விதமாகப் பார்த்தார்கள். இவர்களில் பெரும்பாலானோர் மெக்சிகோவிலிருந்து போனவர்கள். பேசுவது ஸ்பானிய மொழி. நாட்டின் ரேடியோவோ இங்கிலீஷில்.

1920களின் கடைசியில் அங்குள்ள நிலையங்கள், யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்த விடியற்காலை நேரத்தை மலிவாக விற்றன. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெட்ரோ கொன்சாலஸ் என்ற பாடகர் அந்த நேரத்தில் ஸ்பானிய மொழியில் நிகழ்ச்சி நடத்தினார். காலை நான்கு மணிக்கு யார் கேட்பார்கள்? பிரட்டுக்கு எழும்புகிற எங்களைக் கேட்டால் சொல்லியிருப்போம்! வேலைக்குப் போகிற சனங்கள் எல்லோரும் கேட்டார்கள். மெக்சிகோ மக்களை நாடு கடத்துவதைக் கண்டித்தும் அவர் பேசினார். 1934இல் ஒரு வழக்கில் கைதாகி, 1940இல் விடுதலையானதும் அவரே நாடு கடத்தப்பட்டார்.

1946இல் டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் ராவுல் கோர்டெஸ் என்பவர் முழுநேர ஸ்பானிய நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அது பெரிய நகரம். விளம்பரம் கொடுக்க கடைகாரர்கள் இருந்தார்கள். தூரத்து ஊர்களுக்கு அது எட்டவில்லை.

அப்படி எட்டாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு சரகோசா ஒரு சாட்சி. டெக்சாஸின் மேற்கே உள்ள சிற்றூர் அது. ஸ்பானிய மொழி பேசுவோரே அதிகம். 1987 மே 22ஆம் திகதி மாலை, பாலர் பள்ளிப் பிள்ளைகளின் சான்றிதழ் விழாவுக்காக தாய் தகப்பன்மார் மண்டபத்தில் கூடியிருந்த வேளையில் சுழல்காற்று அடித்தது. ஊரில் 30 பேர் இறந்தார்கள், அவர்களில் 22 பேர் அந்த மண்டபத்தில். காற்று வருகிறது என்று இங்கிலீஷில் எச்சரிக்கை போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் சனங்கள் பார்த்த ஸ்பானிய தொலைக்காட்சி எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. அதில் உள்ளூர் அறிவிப்பு கிடையாது. சொந்தப் பாஷைதான், ஆனால் சொந்த ஊரைப் பற்றிப் பேசாத பாஷை. மழை நாளில் மண்சரிவு அறிவித்தலுக்காகக் காது கொடுத்து நிற்கிற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு முன்னரே வேறு இடங்களில் சனங்கள் தாங்களாக முயற்சி எடுத்திருந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்து யகிமா பள்ளத்தாக்கு ஆப்பிளுக்குப் பேர் போனது. அங்கே கிரேஞ்சர் என்ற சிறு ஊரில் 1979 டிசம்பரில் ‘ரேடியோ கதேனா’ ஒலிபரப்பைத் தொடங்கியது. ‘கதேனா’ என்றால் சங்கிலி. ‘தோட்டத் தொழிலாளியின் குரல்’ என்றே அதைச் சொல்வார்கள். ரோசா ரமோன் என்ற பெண்மணி அதன் நிலைய முகாமையாளராக இருந்தார். பாட்டோடு தொழிலாளர் உரிமை, பூச்சி மருந்தின் ஆபத்து, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில் பேசப்பட்டன. படிக்கத் தெரியாதவருக்கு துண்டுப் பிரசுரம் கொடுத்து என்ன பயன்? காதால் கேட்டால் போதும்.

அடுத்த வருஷம், 1980 ஜூலை 4ஆம் திகதி, கலிபோர்னியாவின் பிரெஸ்னோவில் ‘ரேடியோ பிலிங்குவே’ ஆரம்பமானது. அதை உருவாக்கிய ஹ்யூகோ மொராலஸ் சின்ன வயதில் குடும்பத்தோடு பழம் பறித்தவர். பிறகு ஹார்வர்டில் சட்டம் படித்தார். படித்து முடித்து பெரிய நகரத்தில் உட்காராமல் தோட்டப் பக்கமே திரும்பி வந்தவர் என்பதால் எங்களுக்கு அவர்மீது தனி மரியாதை.

இன்னொரு விசயமும் உண்டு. மொராலஸ் குடும்பத்தின் தாய்மொழி ஸ்பானிய மொழியே அல்ல, மெக்சிகோவின் பழங்குடியினர் பேசும் மிஷ்டெக். வயலில் அவரைப் போல ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள், ஸ்பானிய நிகழ்ச்சியும் அரைகுறையாகத்தான் விளங்கும். அதனால் அந்த நிலையம் மிஷ்டெக் மக்களுக்கென்றே அவர்கள் மொழியில் ஒரு நிகழ்ச்சியையும் தொடங்கியது.