கினாபாலு மலைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

நம் நாட்டின் மலைகளுள் மிக உயர்ந்தது சபா மாநிலத்திலுள்ள கினாபாலு மலையாகும். அதன் உச்சியான லோ சிகரம் கடல் மட்டத்திற்கு மேல் 4,095 மீட்டர் உயரமுடையது. இம்மலையையும் அதைச் சூழ்ந்த காடுகளையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு 1964ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இன்று அதன் பரப்பளவு 754 சதுர கிலோமீட்டர். 2000ஆம் ஆண்டில் அது உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது. கூட்டாகப் பணம் சேர்த்து அங்குச் சென்றுவர எண்ணும் தோட்ட மக்களுக்குப் பயன்படும் செய்திகள் சிலவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

காடு மாறுவது ஏன்?

நாம் வெட்டும் பால்மரம் தாழ்நிலத்து வெப்பத்தில் செழிப்பது. உயர்ந்த மலையில் அது தழைக்காது. காரணம் எளிது. ஒவ்வோர் 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறைகின்றது. ஆகவே, கடற்கரையில் வியர்வை வடியும் அதே நாளில் மலையுச்சியின் குளிர் உறைநிலையை நெருங்கிவிடுகின்றது.

இதனால் கினாபாலு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பல காடுகளைப் போல் அமைந்துள்ளது. அடிவாரத்தில் வானளாவிய பெருமரங்கள் நிற்கின்றன. அதற்கு மேல் கருவாலி இன மரங்கள். இன்னும் உயரத்தில், எந்நேரமும் மேகம் தவழும் காட்டில், மரங்கள் குட்டையாகி, கிளைகளில் பாசி போர்த்து நிற்கின்றன. உச்சியில் மரமே இல்லை. வெறும் கருங்கல் மட்டுமே. பண்டைய பனியூழிக் காலத்தில் உச்சியில் படர்ந்திருந்த பனிப்பாறைகள் அக்கல்லைத் தேய்த்துச் சென்றன.

5,000க்கும் மேற்பட்ட தாவர வகைகள் இங்குள்ளன. மலாய் மொழியில் 'பெரியோக் கெரா', அதாவது குரங்கின் பானை எனப்படும் குடுவைச் செடிகளுள் மிகப் பெரியது ஒன்று இங்கு வளர்கின்றது. அதன் குடுவை இரண்டு லிட்டருக்கு மேலும் நீர் கொள்ளும். அதில் விழும் பூச்சிகள் கரைந்து செடிக்கு உரமாகின்றன. பூங்காவின் போரிங் பகுதியில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அதன் சுற்றுப்புறத்தில் ரஃப்லேசியா எனும் பெருமலர் பூப்பதுண்டு. அது மலர்ந்து ஏறத்தாழ ஒரு வாரமே நிலைத்திருக்கும்.

உச்சிக்கு ஏறுவோர்க்கு

பூங்காவின் தலைமையகம் கோத்தா கினாபாலுவிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில், 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. நடை தொடங்குவது 1,866 மீட்டர் உயரத்திலுள்ள தீம்போஹோன் வாயிலில். முதல் நாள் 6 கிலோமீட்டர் ஏறி, 3,272 மீட்டரிலுள்ள லாபான் ராத்தாவில் தங்குவர். மறுநாள் அதிகாலை இரண்டரை மணியளவில் புறப்பட்டு, கதிரவன் எழும் வேளையில் சிகரத்தை அடைவர். நெற்றி விளக்குடன் இருளில் வேலைக்குச் செல்லும் நமக்கு அந்நடை புதிதன்று. ஆனால், அங்குள்ள காற்று புதிது.

உச்சியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. ஆதலின், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிட்டும் உயிர்வளியும் குறைவு. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியன இதன் அறிகுறிகள். உடல் வலிமை உள்ளவனுக்கு இது வாராது என எண்ணுவது தவறு. நாள்தோறும் மேடு பள்ளங்களில் காண்டா சுமந்து உரமேறிய கால்களுக்கும் இது விலக்களிப்பதில்லை. மெல்ல ஏறுதலும் போதிய நீர் அருந்துதலும் நன்று. அறிகுறி முற்றினால் உடனே கீழே இறங்குவதே மருந்து. இதய நோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உடையோர் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

வழிகாட்டியின் சொல்

வழிகாட்டியின்றி எவரும் சிகரம் ஏறலாகாது என்பது விதி. இவ்வழிகாட்டிகளுள் பெரும்பாலோர் மலையடிவாரத்தில் வாழும் டூசுன் மக்கள். 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் இங்கு நிலநடுக்கம் ஏற்பட்டுப் பாறைகள் சரிந்தன. 18 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளி மாணவர்களும், அவர்களுடன் சென்ற உள்ளூர் வழிகாட்டிகளும் அடங்குவர். மலையில் சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கீழே கொணர்வதில் வழிகாட்டிகள் தம் உயிரையும் பொருட்படுத்தாது உழைத்தனர்.

ஆகவே, மழை வலுத்துக் கருங்கல் வழுக்கும் வேளையில் வழிகாட்டி "திரும்புங்கள்" என்றால் திரும்பிவிட வேண்டும். மழை பெய்தால் வெட்டு நிறுத்தப்படுவதை நாம் அறிவோம். "பணம் கட்டிவிட்டோமே" என்று வாதாடுதல் கூடாது. கட்டிய பணம் போனால் மீண்டும் சேர்க்கலாம்.

முன்னேற்பாடுகள்

நாளொன்றுக்கு ஏறுவோர் தொகை வரையறுக்கப்பட்டுள்ளதால், பல மாதங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்தல் வேண்டும். தரகரிடம் பணம் கொடுக்கும் முன் அனுமதி உறுதியாகிவிட்டதா என எழுத்து மூலம் அறிந்து கொள்க. தீபகற்பத்திலிருந்து செல்லும் குடிமக்கள் சபாவிற்குள் நுழையும்போது அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போர், தமக்குத் தேவையான பத்திரங்கள் யாவை என்பதைப் பயணச்சீட்டு வாங்கும் முன்னரே குடிநுழைவுத் துறையில் கேட்டறிதல் நலம். மழைச்சட்டை, கம்பளி உடை, கையுறை, வழுக்காத காலணி, நெற்றி விளக்கு ஆகியன இன்றியமையாதவை.

சிகரம் ஏறாதவர்களுக்குக் காண்பதற்கு ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டா. தலைமையகத்தைச் சுற்றி முதியோரும் சிறுவரும் நடக்கத்தக்க பாதைகளும் தாவரத் தோட்டமும் உள்ளன. காலையில் மேகம் விலகும்போது மலை முழுவதையும் அங்கிருந்தே காணலாம்.

கடசான் டூசுன் மக்கள், தம் முன்னோரின் ஆவிகள் இம்மலையில் உறைவதாக வழிவழியாக நம்பி வருகின்றனர். கோவிலுக்குள் நாம் எவ்வாறு நடந்துகொள்வோமோ, அவ்வாறே அங்கும் நடந்துகொள்வது நம் கடமை. கூச்சலிடாமலும், செடியைப் பறிக்காமலும், கல்லை எடுக்காமலும், குப்பையைப் போடாமலும் திரும்பினால், நமக்குப்பின் வரும் பிள்ளைகளும் அம்மலையை அதே கோலத்தில் காண்பர்.