மரக்கிளையில் தொங்கிய போர்ப் பிரகடனம்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுவே, நைல் நதிக்கும் காங்கோ நதிக்கும் நீரைப் பிரித்தனுப்பும் மேட்டு நிலத்தில் வாழ்பவர்கள் அஸாண்டே இனத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவர்கள் பெயரைக் கேட்டாலே அயலார் நடுங்கினர். அயலார் இவர்களுக்குச் சூட்டிய பெயர் 'நியாம் நியாம்'. பெருந்தீனிக்காரர் என்பது பொருளாம். எதைத் தின்பவர் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ! இவர்களுக்கு வால் உண்டு என்றுகூட ஐரோப்பியர் சிலர் எழுதி வைத்தனர்.

ஷ்வைன்ஃபுர்ட் என்னும் ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் 1870இல், துப்பாக்கி ஏந்திய தந்த வணிகர் கூட்டத்துடன் அந்நாட்டிற்குச் சென்றார். வால் எதையும் அவர் காணவில்லை. ஆனால் பாதையோர மரக்கிளை ஒன்றில் மூன்று பொருள்கள் தொங்கக் கண்டார்: ஒரு மக்காச்சோளக் கதிர், ஒரு கோழி இறகு, ஓர் அம்பு. வழிகாட்டிகளுக்கு உடனே புரிந்துவிட்டது. 'எங்கள் கதிரைத் தொட்டாலும் கோழியைப் பிடித்தாலும் அம்புக்கு இரையாவீர்' என்பதே செய்தி. எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய கடிதம் அல்லவா இது? வணிகரின் ஆட்கள் ஊர் ஊராகத் தானியத்தையும் கோழியையும் பறித்து உண்டவர்கள் என்பதை நினைத்தால், அதிலுள்ள நியாயமும் நமக்கு விளங்கும்.

சண்டை மூண்டபோது வீரர்கள் 'இறைச்சி, இறைச்சி!' என்று கூவினார்களாம். கூர்மையாக அராவிய பற்கள். பிரம்புக் கேடயத்தின் பின்னே 'க்பிங்கா' என்னும் பல அலகுகள் கொண்ட எறிகத்தி. அது சுழன்று வரும்போது எந்த அலகு தைக்கும் என்று யாரறிவார்?

இவ்வளவு பயமுறுத்தியவர்கள் போரிட்ட முறையோ வேறு. 1926க்கும் 1930க்கும் இடையே அவர்களிடையே தங்கி ஆராய்ந்த ஆங்கிலேய மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட், முதியவர்களிடம் கேட்டு இதை எழுதியிருக்கிறார். மாலை நான்கு மணியளவில்தான் போரைத் தொடங்குவார்களாம். தோற்பவர் இருளில் தப்பிச் செல்ல வேண்டுமே! பகைவரை முற்றிலும் வளைத்துக்கொள்வதும் இல்லை. பின்புறம் வழி விடுவார்கள். வழியில்லாதவன் உயிரை வெறுத்துப் போரிடுவான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அச்சம் எதிரியை ஓடச் செய்வதற்கே. ஓட இடமில்லையேல் அச்சத்தால் என்ன பயன்?

நரமாமிசக் கதைகளையும் அவர் விட்டுவிடவில்லை. அவை முழுப் பொய் என்று அவர் தள்ளவில்லை; ஆயினும் பெரும்பாலானவை செவிவழிச் செய்திகளே என்று 1960இல் எழுதினார்.

துப்பாக்கிப் படையை அச்சத்தால் நெடுநாள் தடுக்க முடியவில்லை. 1905இல் பிரிட்டிஷ் படையுடன் நேர்ந்த மோதலில் மன்னர் குபுத்வே உயிரிழந்தார். யாம்பியோ என்பது அவருடைய மற்றொரு பெயர். அப்பெயர் கொண்ட நகரம் இன்றும் தென் சூடானில் இருக்கிறது.